மிட்டாய் கொடுத்து அடக்கிய இரவு

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் அனோகா என்று ஓர் ஊர். முதல் உலகப்போர் முடிந்த காலத்தில், நவம்பர் முதல் தேதி விடிந்தாலே அங்குள்ளவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். யாரோ அவிழ்த்துவிட்ட மாடுகள் கடைத்தெருவில் திரியும். கடைக் கண்ணாடிகளில் சோப்பு அப்பியிருக்கும். கொல்லைப்புறக் கழிப்பறைகள் குப்புறக் கிடக்கும். முந்தின இரவு ஹாலோவீன். செய்தவர்கள் வெளியூர்த் திருடர்கள் இல்லை, ஊர்ப் பையன்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டால் தன் வீட்டுப் பிள்ளையின் பெயரும் வருமோ என்ற பயத்தில் யாரும் கேட்பதில்லை.

1920ஆம் ஆண்டு ஊர்ப் பெரியவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இருட்டில் பையன்களைத் துரத்திப் பிடிப்பது நடக்கிற காரியமில்லை. அந்த இரவில் அவர்களுக்கு வேறு வேலை கொடுத்துவிடலாம். ஜார்ஜ் கிரீன் என்பவரை முன்னிறுத்தி ஒரு குழு அமைந்தது. பிள்ளைகள் வேடமிட்டு ஊர்வலம் போனார்கள், பேண்டு வாத்தியம் முழங்கியது, போலீஸ்காரர்களும் தீயணைப்புப் படையினரும் கூடவே நடந்தார்கள். முடிவில் பெரிய தீ மூட்டி, பிள்ளைகளின் கைகளில் சோளப்பொரியும் வேர்க்கடலையும் மிட்டாயும் கொடுத்தார்கள். உபாயம் பலித்தது, ஆண்டுதோறும் தொடர்ந்தது. 1937இல் அனோகாவிலிருந்து பத்திரிகை போடும் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், ஊரின் பெருமையைப் பறைசாற்றும் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வாஷிங்டனுக்குப் போனான். ‘உலகின் ஹாலோவீன் தலைநகரம்’ என்ற பட்டம் அனோகாவுக்குக் கிடைத்தது. இன்றுவரை அந்த ஊர் அதை விட்டுக்கொடுக்கவில்லை.

ஹாலோவீனுக்கு ஈராயிரம் ஆண்டுப் பழமை உண்டு என்று சொல்வது வழக்கம். வேர் பழையதுதான். ஆனால் வீடு வீடாக மிட்டாய் வாங்கும் பிள்ளைகள், கடையில் வாங்கிய சூனியக்காரித் தொப்பி, அலுவலகத்தில் கணக்குப் பிரிவும் விற்பனைப் பிரிவும் மோதிக்கொள்ளும் வேடப்போட்டி என்று இன்று அமெரிக்கக் குடும்பங்களுக்கும் ஊழியர்களுக்கும் தெரிந்த ஹாலோவீன், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குள் உருவானது. தெருவில் கைமீறிப்போன ஓர் இரவை ஒவ்வொரு தலைமுறையும் ஏதாவது ஒரு கூரைக்குள் அழைத்துவரப் பார்த்த கதை அது.

அந்த வேர் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் இருக்கிறது. அறுவடை முடிந்து, மேய்ச்சலுக்குப் போன மாடுகள் கொட்டிலுக்குத் திரும்பி, குளிர்காலம் தொடங்கும் நாளை அங்குள்ள கெல்ட் மக்கள் ‘சவின்’ என்று கொண்டாடினார்கள். அந்த இரவில் இவ்வுலகுக்கும் மறுவுலகுக்கும் இடையிலான கதவு திறக்கும் என்பது நம்பிக்கை. சவினைப் பற்றி எழுத்தில் இருப்பவற்றை எழுதியவர்கள் பிற்காலத்துக் கிறிஸ்தவத் துறவிகள் என்பதால், பழஞ்சடங்குகள் என்று இன்று விவரிக்கப்படுகிற பலவற்றை வரலாற்றாசிரியர்கள் தயக்கத்தோடுதான் ஏற்கிறார்கள். திருச்சபையின் கணக்கு அதைவிடத் தெளிவானது. 8ஆம் நூற்றாண்டில் மூன்றாம் கிரகோரி போப், ரோமில் எல்லாப் புனிதர்களின் பெயராலும் ஒரு சிற்றாலயத்தை அர்ப்பணித்தார். அடுத்த நூற்றாண்டில் நவம்பர் 1 அனைத்துப் புனிதர் திருநாளாகப் பரவலாக நிலைபெற்றது. பிரான்சில் குளுனி மடத்தின் தலைவர் ஒடிலோ, 10ஆம் நூற்றாண்டின் இறுதியில், அதற்கு மறுநாளை இறந்தோருக்கான நாளாக்கினார். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கத்தோலிக்கக் குடும்பங்கள் கல்லறைகளுக்குச் சுண்ணாம்படித்து, பூவும் மெழுகுத்திரியும் வைக்கும் கல்லறைத் திருநாள் அதே நவம்பர் 2தான். புனிதர் திருநாளுக்கு முந்தைய மாலைதான் ஹாலோவீன். ஒரே முப்பெரும் நாளின் முதல் இரவு வேடமும் கூத்துமாகி அமெரிக்காவுக்குப் போக, கடைசி நாள் செபமும் கண்ணீருமாக நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் நின்றுவிட்டது.

வாசலில் நின்று கேட்டு வாங்கும் பழக்கமும் இந்த நாட்களோடு ஒட்டியதுதான். இடைக்கால இங்கிலாந்தில் ஏழைகள் வீடு வீடாகப் போய், அந்தந்த வீட்டில் இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்வதாகச் சொல்லி ‘ஆன்ம ரொட்டி’ வாங்கினார்கள். ஸ்காட்லாந்தில் பிள்ளைகள் முகத்தில் கரி பூசி, பழைய துணிகளை மாட்டிக்கொண்டு போய் ஒரு பாட்டோ விடுகதையோ சொன்னால்தான் ஆப்பிளும் கொட்டைகளும் கிடைக்கும். சும்மா கை நீட்டினால் ஒன்றும் கிடைக்காது. விளக்குக்கு அங்கே பரங்கிக்காய் கிடையாது; டர்னிப் கிழங்கைக் குடைந்து, பல்லிளிக்கும் முகம் வெட்டி, உள்ளே ஒரு திரியை ஏற்றுவார்கள். அப்படி வெட்டிய டொனகல் பகுதி டர்னிப் ஒன்றின் வார்ப்பு, அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் காசில்பார் அருகேயுள்ள தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுருங்கி, இருண்டு, கண்கள் குழிவிழுந்த அந்த முகத்தோடு ஒப்பிட்டால் இன்றைய பரங்கிக்காய் சிரித்த முகம்தான்.

வீட்டுக்குள்ளே நடந்தது வேறு. ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1785இல் ‘ஹாலோவீன்’ என்ற பெயரிலேயே ஒரு நீண்ட கவிதை எழுதினார். பேய்களைவிட அதில் கல்யாண ஆசைக்குத்தான் இடம் அதிகம். காதலர்களின் பெயர் சொல்லி இரண்டு கொட்டைகளை அடுப்பில் போடுவார்கள். அருகருகே அமைதியாக எரிந்தால் நல்ல வாழ்க்கை, ஒன்று வெடித்துத் தெறித்தால் சரிவராது. அயர்லாந்தில் பார்ம்பிராக் என்ற பழரொட்டிக்குள் மோதிரம், காசு, கந்தல் துணி எல்லாம் வைத்துச் சுடுவார்கள். மோதிரம் வந்தவருக்குக் கல்யாணம், காசு வந்தவருக்குச் செல்வம், கந்தல் வந்தவருக்கு வறுமை. பாட்டி முதல் பேத்திவரை மேசையைச் சுற்றி உட்கார்ந்து, யார் துண்டில் என்ன வருகிறது என்று பார்க்கும் இரவு அது.

முதலாளியும் வேலைக்காரர்களும் சேர்ந்து கொண்டாடிய பழைய ஹாலோவீன் ஒன்றும் உண்டு. அது நடந்த இடம் அரண்மனை. விக்டோரியா மகாராணி ஸ்காட்லாந்தில் பால்மோரல் கோட்டையில் தங்கும் இலையுதிர் காலங்களில், 1860களிலும் 70களிலும், பண்ணைக் குடியானவர்களும் கோட்டைப் பணியாளர்களும் தீவட்டி ஏந்திக் கோட்டையைச் சுற்றி வந்தார்கள். பைப் இசைக் கலைஞர்கள் முன்னே போக, மகாராணி வண்டியில் உடன் வந்தார். கோட்டை முன் பெரிய தீயில் சூனியக்காரியின் பொம்மை ஒன்றை வண்டியில் இழுத்துவந்து எறிந்தார்கள். பிறகு அந்த வெளிச்சத்தில் ஆட்டம். வருடம் முழுதும் தலைகுனிந்து நிற்கிற சேவகன், எசமானியம்மாள் பார்த்திருக்கக் கூச்சலிடலாம் என்ற சலுகை அந்த ஒரு இரவுக்கு உண்டு.

1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்தில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டார்கள். அதற்கு மேற்பட்டவர்கள் கப்பலேறினார்கள். அவர்களும் ஸ்காட்லாந்துக்காரர்களும் இந்த இரவை அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் கொண்டுபோனார்கள். அங்கே டர்னிப்பைவிடப் பெரிதாக, குடையச் சுலபமாக, அமெரிக்கக் கண்டத்துக்கே சொந்தமான பரங்கிக்காய் வயலெங்கும் கிடந்தது. விளக்கு இடம் மாறியது. பின்னாளில், 1960களில், மாசசூசெட்ஸ் விவசாயி ஜான் ஹவ்டன், வெட்டுவதற்கென்றே தோல் உறுதியும் காம்பு தடிமனும் கொண்ட ரகம் ஒன்றை உருவாக்கினார். தின்பதற்கு அது அவ்வளவு ருசியில்லை. அதற்காக யாரும் அதை வாங்குவதும் இல்லை.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்க நடுத்தர வர்க்கத்துப் பெண்கள் ஹாலோவீனை வரவேற்பறைக்கு அழைத்துக்கொண்டார்கள். மாதப் பத்திரிகைகள் விருந்துக்கு யோசனை சொல்லின: தொட்டித் தண்ணீரில் மிதக்கும் ஆப்பிளைக் கை படாமல் பல்லால் கவ்வுவது, ஆப்பிள் தோலை அறுபடாமல் சீவித் தோளுக்குப் பின்னால் எறிந்து எந்த எழுத்து விழுகிறது என்று பார்ப்பது, நள்ளிரவில் கண்ணாடிமுன் நின்றால் வருங்காலக் கணவன் முகம் தெரியும் என்று நம்புவது. தேவாலயத்துக்கும் தாய் தந்தையருக்கும் ஆட்சேபம் இல்லாத வகையில் இளையவர்கள் சந்தித்துக்கொள்ள வழிசெய்த விருந்துகள் இவை.

அந்த வரவேற்பறையில் வியாபாரிகள் நுழைந்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். மாசசூசெட்ஸின் ஃபிரேமிங்ஹாமில் இயங்கிய டென்னிசன் நிறுவனம் கிரேப் காகிதம் விற்றது. வெறும் காகிதத்தை யார் வாங்குவார்கள்? 1909இல் ‘போகி புக்’ என்றொரு சிறு கையேட்டை வெளியிட்டது. வீட்டை எப்படி அலங்கரிப்பது, மேசையில் என்ன வைப்பது, காகிதத்திலேயே வேடம் தைப்பது எப்படி, என்ன விளையாட்டு ஆடுவது என்று அதில் படத்தோடு இருந்தது. விலை சில சென்ட்டுகள். 1912 முதல் 1930களின் நடுப்பகுதிவரை ஏறத்தாழ வருடந்தோறும் அது வந்தது. பென்சில்வேனியாவின் ஷிப்பன்ஸ்பர்க்கில் பீஸ்டில் நிறுவனம் அட்டைப் பூனைகளையும் கைகால் மடங்கும் எலும்புக்கூடுகளையும் அச்சடித்துத் தள்ளியது. ஆரஞ்சும் கறுப்பும் ஹாலோவீனின் நிறங்கள் என்பது வீடுதோறும் பதிந்ததில் இந்தக் காகித வியாபாரத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் பெண்கள் உள்ளே ஆப்பிள் தோல் எறிந்துகொண்டிருந்தபோது, பையன்கள் வெளியே வேலியின் கதவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கிராமத்தில் இது பொறுக்கக்கூடிய குறும்பு. மறுநாள் கதவு எந்த மரத்தில் தொங்குகிறது என்று தேடிப் போனால் போதும். நகரம் வளர வளர விஷயம் மாறியது. டிராம் வண்டிகளின் கம்பம் இழுக்கப்பட்டது, தெருவிளக்குகள் உடைந்தன, கார் டயர்களில் காற்று போயிற்று. யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாத ஊரில் குறும்பு குற்றமாயிற்று.

கான்சஸ் மாநிலத்தின் ஹயவாத்தா ஊரில் எலிசபெத் கிரெப்ஸ் என்ற அம்மையாரின் தோட்டமும் அக்கம்பக்கத்தாரின் பூச்செடிகளும் ஆண்டுதோறும் இப்படி மிதிபட்டன. பிள்ளைகளை ஆடவைத்து, ஓடவைத்து, களைக்கவைத்து அனுப்பினால் தோட்டம் தப்பும் என்று அவர் கணக்குப் போட்டார். 1914இல் ஊர் முழுவதையும் சேர்த்து வேடப்போட்டியும் ஊர்வலமும் நடத்தினார். அது இன்றும் நடக்கிறது. அமெரிக்காவில் இடைவிடாது நடக்கும் ஹாலோவீன் ஊர்வலங்களில் மிகப் பழையது அதுதான் என்று ஊர்க்காரர்கள் சொல்லிக்கொள்கிறார்கள்.

பெரும் பொருளாதார மந்தம் வந்தபோது நிலைமை மோசமானது. 1933ஆம் ஆண்டு இரவைச் சில ஊர்கள் ‘கறுப்பு ஹாலோவீன்’ என்றே நினைவில் வைத்தன. கார்கள் கவிழ்க்கப்பட்டன, தொலைபேசிக் கம்பங்கள் அறுத்துச் சாய்க்கப்பட்டன. விழாவையே தடைசெய்வதா என்று நகர மன்றங்கள் யோசித்தன. தெருக்காரர்கள் கண்டுபிடித்த வழி மலிவானது. ஒரே வீடு முழு விருந்தும் வைக்கப் பணமில்லாத காலம். ஆகவே பல வீடுகள் பங்குபோட்டுக்கொண்டன. முதல் வீட்டில் முகமூடி, அடுத்த வீட்டில் தின்பண்டம், அதற்கடுத்த வீட்டின் நிலவறையில் இருட்டும் ஈரத்துணியும் சங்கிலிச் சத்தமும். பிள்ளைகள் கூட்டமாக ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்குப் போனார்கள்.

‘ட்ரிக் ஆர் ட்ரீட்’, அதாவது ‘மிட்டாய் தருகிறீர்களா, சேட்டை செய்யட்டுமா’ என்ற மிரட்டல் அச்சில் தலைகாட்டியது இதற்குச் சற்று முன்பு, கனடாவில். 1927 நவம்பரில், அல்பர்ட்டா மாகாணத்தின் பிளாக்கி என்ற சின்ன ஊரில் பிள்ளைகள் இப்படிக் கேட்டுக்கொண்டு வாசல் வாசலாக வந்ததாகப் பத்திரிகைச் செய்தி ஒன்று சொல்கிறது. அந்தப் பேரம் அடுத்த பத்தாண்டுகளில் தெற்கே அமெரிக்காவுக்கு இறங்கியது. எல்லோருக்கும் அது பிடித்துவிடவில்லை. பிள்ளைகளுக்குப் பிச்சையெடுக்கவும் மிரட்டிப் பறிக்கவும் சொல்லிக்கொடுக்கிறார்களே என்று முகம் சுளித்த பெரியவர்கள் இருந்தார்கள்.

இரண்டாம் உலகப்போர் இடைமறித்தது. 1942 மே மாதம் சர்க்கரைக்கு ரேஷன் வந்தது. மிட்டாய் இல்லாமல் பேரமும் இல்லை. போர்க்காலத்தில் டயரைக் கிழிப்பது நாசவேலை என்று பள்ளிகள் எச்சரித்தன. சிகாகோ நகர மன்றம் அந்த ஆண்டு ஹாலோவீனைக் கைவிட்டு, அதைச் ‘சேமிப்பு நாள்’ என்று அனுசரிக்கத் தீர்மானம் போட்டது. அனோகாகூட 1942, 43 இரண்டு ஆண்டுகளும் ஊர்வலத்தை நிறுத்திவைத்தது.

1947 ஜூனில் சர்க்கரை ரேஷன் நீங்கியது. போரிலிருந்து திரும்பியவர்கள் கல்யாணம் செய்துகொண்டு, புதிதாக முளைத்த புறநகர்களில் வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகளில் குடியேறியிருந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகள். நடந்துபோகும் தூரத்தில் ஐம்பது வாசல்கள். வாசல் வாசலாகப் போவதற்கு இதைவிட வசதியான நிலப்பரப்பு அமையாது. வானொலித் தொடர்களும் சிறுவர் பத்திரிகைகளும் இந்த வழக்கத்தை ஊரெல்லாம் சொல்லிக்கொடுத்தன. 1952இல் டிஸ்னி நிறுவனம் டொனால்ட் டக்கை வைத்து இதே பெயரில் ஒரு கார்ட்டூன் படம் எடுத்தது. புரூக்ளினில் 1937 முதல் இயங்கிய பென் கூப்பர் நிறுவனம், மெல்லிய பிளாஸ்டிக் முகமூடியும் ஒரு தொளதொள அங்கியும் அடங்கிய பெட்டியைக் கட்டுப்படியான விலைக்கு விற்றது. அதுவரை அம்மாவின் தையல் திறமையைப் பொறுத்திருந்த வேடம், அப்பாவின் சம்பளத்தைப் பொறுத்ததாயிற்று.

அப்போதும் எல்லாமே மிட்டாயாக இருக்கவில்லை. வீட்டில் செய்த பாகுருண்டைச் சோளப்பொரி, ஆப்பிள், குக்கி, ஒன்றிரண்டு காசு என்று கையில் இருந்ததைத்தான் கொடுத்தார்கள். 1950இல் பிலடெல்பியா அருகே ஒரு பிரஸ்பிட்டேரியன் போதகரும் அவர் மனைவியும், கிளைட் அலிசன், மேரி எம்மா அலிசன் தம்பதியர், பிள்ளைகளிடம் அலங்கரித்த பால் அட்டைப்பெட்டிகளைக் கொடுத்து யுனிசெஃப் அமைப்புக்குக் காசு சேர்த்துவரச் சொன்னார்கள். முதல் வருடம் சேர்ந்தது 17 டாலர். அந்த வழக்கம் நாடு முழுதும் பரவி, பின்னாளில் ஆரஞ்சு நிற உண்டியலாக நிலைத்தது.

அலுவலகக் கொண்டாட்டத்துக்கும் அந்தப் பத்தாண்டிலேயே ஒரு பெரிய இடத்து உதாரணம் கிடைத்தது. 1958 அக்டோபரில், ஜனாதிபதி ஐசனோவரின் மனைவி மேமி, வெள்ளை மாளிகை அதிகாரிகளின் மனைவிமாருக்கு ஹாலோவீன் விருந்து வைத்தார். அரசு விருந்துக் கூடத்தில் எலும்புக்கூடுகள் தொங்கின. பரங்கிக்காய்களும் துடைப்பமேறிய சூனியக்காரிகளும் மாளிகையின் மற்ற இடங்களைப் பிடித்துக்கொண்டன. வெள்ளை மாளிகை ஹாலோவீனுக்காக அலங்கரிக்கப்பட்டது அதுவே முதல் முறை. வந்தவர்கள் கணவன்மாரின் பதவி வரிசையில் பழகிப்போனவர்கள். அன்று அவர்களுக்கு மேலே தொங்கிய எலும்புக்கூட்டுக்கு அந்த வரிசை தெரியாது.

1970களில் பயம் வந்தது. முகம் தெரியாத எவனோ ஒருவன் ஆப்பிளில் பிளேடு வைப்பான், மிட்டாயில் விஷம் கலப்பான் என்ற பேச்சு ஏற்கெனவே ஊரில் உலவியது. 1974 ஹாலோவீன் இரவில் டெக்சஸில் எட்டு வயதுச் சிறுவன் சயனைடு கலந்த இனிப்புத் தூளைத் தின்று இறந்தான். விசாரணையில் வெளிவந்தது அதைவிடக் கொடுமை: காப்பீட்டுப் பணத்துக்காக அதைக் கலந்தவர் பெற்ற தகப்பன். அவருக்கு 1984இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. இடையில், 1982 இலையுதிர் காலத்தில், சிகாகோ வட்டாரத்தில் ‘டைலனால்’ என்ற வலிநிவாரணி மாத்திரைகளில் யாரோ சயனைடு கலந்ததில் ஏழு பேர் இறந்தார்கள். ஹாலோவீனுக்குச் சில வாரங்களே இருந்தன. பல ஊர்களில் பெற்றோர் கதவைத் தாழிட்டார்கள். சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் 1958 முதலான பத்திரிகைச் செய்திகளைச் சலித்துப் பார்த்தார். அறிமுகமில்லாதவர் கொடுத்த ஹாலோவீன் மிட்டாயால் ஒரு பிள்ளையாவது கொல்லப்பட்டதற்கு அவருக்குச் சான்று கிடைக்கவில்லை. 1985இல் அவர் அதை வெளியிட்டும் பயம் குறையவில்லை. சில ஊர்களில் மருத்துவமனைகள் மிட்டாய்ப் பைகளை எக்ஸ்ரே எடுத்துக் கொடுத்தன. வீட்டுப் பலகாரம் மறைந்து, ஆலையில் உறையிட்ட சாக்லேட் மட்டும் எஞ்சியது.

தெருவுக்கும் நிம்மதி இல்லை. டெட்ராய்ட்டில் ஹாலோவீனுக்கு முந்தைய இரவுக்கு ‘பேயிரவு’ என்று பெயர். வேலையும் மக்களும் வெளியேறி, பாழ்வீடுகள் பெருகிய அந்த நகரத்தில் 1984ஆம் ஆண்டு அந்தச் சில நாட்களில் மட்டும் 800க்கும் மேற்பட்ட தீவைப்புகள் நடந்தன. 1995 முதல் நகர நிர்வாகம் அதைத் ‘தேவதூதர் இரவு’ என்று பெயர் மாற்றி, பல்லாயிரம் தொண்டர்களைத் தெருத்தெருவாக ரோந்து விட்டது.

பெற்றோர் தேடிய பாதுகாப்பான கூரைகள் இந்தக் காலத்தில்தான் பெருகின. வணிக வளாகங்கள் கடை கடையாக மிட்டாய் கொடுத்தன. தேவாலயங்கள் வாகன நிறுத்துமிடத்தில் கார்களை வரிசையாக நிறுத்தி, டிக்கியைத் திறந்து அலங்கரித்து, அங்கிருந்தே மிட்டாய் வழங்கின. அப்பா அம்மா வேலைசெய்யும் இடமும் அந்த வரிசையில் சேர்ந்தது. அலுவலகத்தில் எல்லோரும் தெரிந்தவர்கள், மழையில்லை, குளிரில்லை, வாசலில் காவலாளி வேறு. பிற்பகலில் பிள்ளைகள் பையோடு வந்து, மேசை மேசையாகப் போய், ஒரு மணி நேரத்தில் பை நிறைந்து திரும்புவார்கள்.

அதே சமயம் பெரியவர்களும் வேடம் போட ஆரம்பித்தார்கள். நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜில் 1974இல் முகமூடிக் கலைஞர் ரால்ஃப் லீ, தன் பிள்ளைகளையும் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு, தான் செய்த பெரிய பொம்மைகளோடு அக்கம்பக்கத்தைச் சுற்றிவந்தார். அந்தக் குடும்ப உலா, லட்சக்கணக்கானோர் திரளும் ஊர்வலமாக வளர்ந்துவிட்டது. சான்பிரான்சிஸ்கோவின் கேஸ்ட்ரோ பகுதியில் தன்பாலீர்ப்பாளர்கள் ஹாலோவீனைத் தங்கள் தெருவிழாவாக்கினார்கள். பீர் நிறுவனங்கள் மோப்பம் பிடித்தன. 1980களில் கூர்ஸ் நிறுவனம், தொலைக்காட்சியில் பேய்ப்படங்களைத் தொகுத்து வழங்கிய எல்விரா பாத்திரத்தை விளம்பரத்துக்கு வைத்துக்கொண்டது. பிள்ளைகளாக இருந்தபோது பென் கூப்பர் முகமூடி மாட்டிய தலைமுறை இப்போது சம்பளம் வாங்கியது. வேடத்தை விட அதற்கு மனமில்லை.

இன்று அமெரிக்க அலுவலகங்களில் இது ஏறக்குறையச் சடங்காகிவிட்டது. அக்டோபர் கடைசி வாரத்தில் பிரிவுக்கொரு கரு. ஒரு பிரிவு முழுவதும் கடற்கொள்ளையர், இன்னொன்று முழுவதும் சதுரங்கக் காய்கள். தடுப்பறைகளில் பஞ்சைப் பிய்த்துச் சிலந்திவலை. காலையில் டோனட்டும் ஆப்பிள் சாறும், மதியம் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து பகிர்ந்துண்ணல், வேடப்போட்டியில் வென்றவருக்கு ஏதாவது கடையின் பரிசு அட்டை. வங்கியில் பணம் எண்ணுகிறவர் காட்டேரியாக இருப்பார். மருத்துவமனைகளில், குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் சிசுக்களுக்குச் செவிலியர்கள் விரலளவு பரங்கிக்காய்த் தொப்பி பின்னி மாட்டுகிறார்கள்.

கலிபோர்னியாவின் பாசடீனாவில், செவ்வாய்க் கிரகத்துக்கு ஊர்திகளை அனுப்பும் நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் 2011 முதல் பரங்கிக்காய்ப் போட்டி நடக்கிறது. விதி கறாரானது. வேலை நேரத்தைத் தொடக்கூடாது, மதிய உணவு இடைவேளையில் ஒரு மணி நேரம்தான். ஆனால் போட்டியிடுகிறவர்கள் பொறியாளர்கள். மோட்டார் பொருத்தின பரங்கிக்காய் சுழலும், மின்விளக்கு மினுக்கும், புகை கிளம்பும். விண்கலம் கட்டும் கைகளுக்கு ஒரு மணி நேரம் ஏராளம்.

எங்கெல்லாம் வேலைக்களத்துக்குள் விழா வந்ததோ, அங்கெல்லாம் சுற்றறிக்கையும் பின்னாலேயே வந்தது. பொம்மைத் துப்பாக்கி கூடாது. எந்த இனத்தையும் மதத்தையும் கேலிசெய்யும் வேடம் கூடாது. இயந்திரத்தருகே தொங்கும் துணியும் முகமூடியும் கூடாது. யெகோவாவின் சாட்சிகள் போன்ற சில பிரிவினர் ஹாலோவீனைக் கொண்டாடுவதில்லை; ஆகவே யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது. சில நிறுவனங்கள் ‘அறுவடை விருந்து’ என்று பெயர் மாற்றிச் சங்கடத்தைத் தவிர்க்கின்றன. ஊழியர் நலப்பிரிவின் மின்னஞ்சல் வராத ஹாலோவீன் இப்போது அபூர்வம்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் குடியேறிய தமிழர் பலருக்கு இந்த இரவு முதலில் அறிமுகமானது பிள்ளைகளின் பள்ளி வழியாக அல்லது அலுவலக மின்னஞ்சல் வழியாகத்தான். டொராண்டோவின் ஸ்கார்பரோவில் அக்டோபர் இறுதிக் குளிரில், ஸ்பைடர்மேன் உடைக்கு மேலே கம்பளிச் சட்டையா உள்ளேயா என்ற வாக்குவாதம் எந்த வீட்டிலும் நடக்கும். தீபாவளியும் அந்த வாரங்களில்தான் வரும். 2024இல் தமிழ்நாட்டில் தீபாவளி சரியாக அக்டோபர் 31 அன்று வந்தது. நியூயார்க் நகரப் பள்ளிகள் மறுநாள், நவம்பர் 1ஆம் தேதி, முதன்முறையாகத் தீபாவளிக்கு விடுமுறை விட்டன. ஒரே வாசலில் அகல்விளக்கும் பரங்கிக்காய் விளக்கும் சேர்ந்து எரிந்த வருடம் அது. தட்டிய பிள்ளைகளுக்குச் சாக்லேட்டா அதிரசமா என்பது அந்தந்த வீட்டு அம்மாவின் முடிவு. சென்னையிலும் பெங்களூரிலும் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு வேலைசெய்யும் சில அலுவலகங்களிலும் அந்த வாரம் கறுப்பு ஆரஞ்சுத் தோரணம் தொங்குகிறது.

பிறந்த இடத்துக்கும் விழா திரும்பிப் போயிருக்கிறது. அயர்லாந்துக் கடைகளில் இப்போது டர்னிப்பைத் தள்ளிவிட்டுப் பரங்கிக்காய்தான் குவிகிறது. வட அயர்லாந்தின் டெரி நகரம், குண்டுவெடிப்புகளின் பீதி ஓயாத 1980களின் நடுப்பகுதியில் வேடமிட்டுத் தெருவில் கூடத் தொடங்கியது. இன்று ஐரோப்பாவின் மிகப்பெரிய ஹாலோவீன் விழாக்களில் ஒன்று அங்கே நடக்கிறது.

தெருவின் ஆபத்தும் கூடவே பயணப்பட்டது. தென்கொரியத் தலைநகர் சியோலின் இத்தேவோன் பகுதியில் 2022 அக்டோபர் 29 இரவு, ஹாலோவீனுக்குத் திரண்ட இளைஞர் கூட்டம் ஒரு குறுகலான சந்தில் நெரிந்து 159 பேர் இறந்தார்கள். டோக்கியோவின் ஷிபுயா சந்திப்பில் 2018ஆம் ஆண்டு கூட்டம் ஒரு சிறு லாரியைக் கவிழ்த்தது. அடுத்த ஆண்டு அந்த நாட்களில் தெருவில் மது குடிக்கத் தடை வந்தது. 2023இல் ஷிபுயா மேயர் கென் ஹசேபே, ஹாலோவீனுக்காகத் தயவுசெய்து இங்கே வராதீர்கள் என்று உலகத்துக்கே வேண்டுகோள் விடுத்தார். சந்திப்பின் அடையாளமான ஹாச்சிகோ நாயின் சிலையைச் சுற்றித் தடுப்பு எழுப்பினார்கள். ஷிபுயா வழியாகப் போகும் ரயில் பாதையிலேயே சில நிலையங்கள் தள்ளி இருக்கும் இக்கெபுகுரோவோ 2014 முதல் வேறு வழியில் போகிறது. வேடமிட்டு வருகிறவர்களுக்கு உடைமாற்றும் அறை, ஊர்வலத்துக்குக் குறித்த பாதை, படமெடுக்கத் தனி இடம் எல்லாம் ஏற்பாடு செய்து, விழாவை இரண்டு மூன்று நாள் நடத்துகிறார்கள். அந்த வட்டாரத்தின் மேயராக இருந்த தகானோ யுக்கியோ தாமே வேடம் போட்டுக்கொண்டு கூட்டத்தோடு வந்திருக்கிறார்.